வலைப்பக்க வரைபடங்கள்: எந்த நிரல் நூலகத்தைத் தேர்ந்தெடுப்பது?

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் இடம்பெறுகிறது. பட்டை விளக்கப்படத்தையும் வட்ட விளக்கப்படத்தையும் மாணவர்கள் கணிதத்தில் முன்பே கற்றிருக்கிறார்கள். இவ்விரண்டையும் இணைத்து, நம் திண்டுக்கல் மாவட்டப் புள்ளிவிவரங்களை மாணவர்களே வலைப்பக்கத்தில் வரைபடமாக்கும் செயல்பாட்டை என் வகுப்பில் செய்துவருகிறேன். வரைவதற்கான நிரல் முழுவதையும் நாமே எழுத வேண்டியதில்லை. அதற்கு ஆயத்த நிரல் நூலகங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் போதும்.

1. இணையம் இல்லாமல் இயங்குமா?

கூகுள் சார்ட்ஸ் எளிமையானதுதான். ஆனால், அதன் நிரலைப் பதிவிறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்ள அதன் விதிமுறைகள் இடம் தருவதில்லை. இணைப்பு போனால் பாடமும் நின்றுவிடும். சார்ட்.ஜேஎஸ், டி3, இசார்ட்ஸ், பிளாட்லி ஆகியவை கட்டற்ற உரிமம் கொண்டவை. ஒருமுறை பதிவிறக்கி, பென்டிரைவ் மூலம் ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

2. மாணவருக்குப் புரியுமா?

2011இல் வெளிவந்த டி3 மிகுந்த ஆற்றல் கொண்டது. ஆனால், அதில் அச்சு, அளவு, பட்டை ஒவ்வொன்றையும் நாமே வரையறுக்க வேண்டும். சார்ட்.ஜேஎஸில் வரைபட வகை, பெயர்கள், மதிப்புகள் ஆகிய மூன்றைக் கொடுத்தாலே படம் வந்துவிடும். எனவே, தொடக்க நிலைக்கு அதையே பரிந்துரைக்கிறேன். அது கேன்வாஸில் வரைவதால், படத்திலுள்ள எண்களைத் திரைவாசிப்பான் தானாகப் படிக்காது. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்காகப் படத்தின் கீழே அட்டவணையையும் தர வேண்டும்.

3. படம் உண்மையைக் காட்டுகிறதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்ட மக்கள்தொகை 2001இல் 19,23,014, 2011இல் 21,59,775. வளர்ச்சி சுமார் 12 விழுக்காடு. செங்குத்து அச்சை 19 இலட்சத்தில் தொடங்கிப் பட்டைகளை வரைந்தால், இரண்டாம் பட்டை முதல் பட்டையைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு உயரமாகத் தெரியும்! எண்கள் சரியாக இருந்தும் படம் தவறான முடிவுக்கு இட்டுச்செல்கிறது.

சார்ட்.ஜேஎஸின் இன்றைய பதிப்புகளில் பட்டை வரைபடம் இயல்பாகவே சுழியத்தில் தொடங்கும். கோட்டு வரைபடம் அப்படியன்று. அதற்கு 'பிகின்அட்ஸீரோ' என்ற அமைப்பை 'ட்ரூ' எனத் தர வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

மேற்கண்ட இரு எண்களைக் கொண்டு, சுழியத்தில் தொடங்கும் படம் ஒன்றும் 19 இலட்சத்தில் தொடங்கும் படம் ஒன்றும் வரையச் செய்யுங்கள். எண்களை மறைத்துவிட்டு, "மக்கள்தொகை எவ்வளவு பெருகியிருக்கிறது?" என்று பக்கத்து வகுப்பு மாணவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். இரு படங்களுக்கும் கிடைக்கும் விடைகளைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிடலாம். நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ ஒரு வரைபடத்தைக் காணும்போது அச்சு எங்கே தொடங்குகிறது என்று முதலில் பார்க்கும் பழக்கம் இதனால் வரும். நிரலாக்கம் படிக்காத மாணவருக்கும் அது தேவைப்படும்.