படபடக்கும் நெஞ்சம்: பயமா, நோயா?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்று சிறு வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். ஆனால் காய்ச்சலைப் போலத் தொட்டால் சுடவேண்டும், புண்ணைப் போலப் பார்த்தால் தெரியவேண்டும். அப்போதுதான் அதை நோய் என்று ஒப்புக்கொள்கிறோம். மருத்துவரிடம் போய்ச் சேருவதற்குள் தானாகவே மறைந்துவிடும் நோயை யார் நம்புவார்கள்? "சுபாவம் அப்படி" என்கிறோம், "பயந்தாங்கொள்ளி" என்கிறோம். அவ்வாறு சொன்னவர்களில் அறிவியல் ஆசிரியைகளாகிய நாங்களும் உண்டு. அந்தத் தவறே இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டியது. சம்பந்தப்பட்ட மாணவியும் அவள் பெற்றோரும் மனமுவந்து இசைவு தந்ததால், பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

அவள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. தந்தை சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும்போதே, "மிஸ், நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று சொல்லிவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொள்வாள். பத்து நிமிடமோ, அரை மணியோ கழித்து, ஒன்றுமே நடவாதது போல் எழுந்துவிடுவாள். இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். போய்ச் சேர்வதற்குள் படபடப்பு நின்றுவிட்டது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. பாட்டி கண்ணேறு என்றார். பக்கத்து வீட்டார் வாயு என்றார்கள். நாங்கள், "பரீட்சை பயம்தான், ஜெபம் சொல்லிவிட்டுப் படி" என்றோம். எங்கள் சொல்லை அவள் நம்பினாள். அதன்பின் எங்களிடம் சொல்வதையே நிறுத்திவிட்டாள். இன்றும் எங்களை உறுத்துவது அதுதான்.

சென்ற ஆகஸ்டு மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை வழிபாட்டின்போது வரிசையில் நின்றவள் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டாள். உடற்கல்வி ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார். 15 வினாடிகளில் 49 துடிப்பு! நான்கால் பெருக்கினால் நிமிடத்திற்கு 196. தலைமைச் சகோதரி உடனே வண்டியை வரவழைத்தார். இம்முறை படபடப்பு நிற்பதற்குள் மருத்துவமனையை அடைந்துவிட்டோம். துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இ.சி.ஜி. பதிவாயிற்று. மருத்துவர் அதைப் பார்த்ததும், "இது பயமில்லை. இதயத்தின் மின்சாரத்தில் ஒரு சுழல்" என்றார். மூன்று ஆண்டுகளாக எவரும் நம்பாத ஒன்றை அந்த ஒரு துண்டுக் காகிதம் மெய்ப்பித்துவிட்டது.

இதயத்தின் மின்சாரம்

ஒசூர் என்றால் கைக்கடிகாரம் நினைவுக்கு வரும். 1980-களில் இங்கே டைட்டன் தொழிற்சாலை தொடங்கியது. குவார்ட்ஸ் கடிகாரத்திற்குள் இருக்கும் சிறு படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்து நேரத்தைக் காக்கிறது. நம் இதயத்திலும் அப்படி ஒரு காலங்காட்டி உண்டு. வலது மேலறையின் சுவரில் அமைந்த சைனஸ் கணுவே அது. 1907-ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் அதை விவரித்தனர். அங்கு பிறக்கும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவிலுள்ள ஏ.வி. கணுவை அடைகிறது. இந்தக் கணுவை 1906-இல் விவரித்தவர் சுனாவோ தவாரா என்னும் ஜப்பானியர். அங்கே மின்துடிப்பு நொடிப்பொழுது தாமதித்து, பின்னர் கீழறைகளுக்கு இறங்குகிறது. அத்தாமதம் கீழறைகள் இரத்தத்தால் நன்கு நிரம்ப நேரம் தருகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்பு என்று கொண்டால், நாளொன்றுக்கு 1,03,680 துடிப்பு. கணக்கில் ஐயமிருந்தால் பெருக்கிப் பாருங்கள்.

சிலருக்குப் பிறவியிலேயே ஏ.வி. கணுவை ஒட்டி ஒன்றுக்குப் பதில் இரண்டு பாதைகள் அமைந்துவிடுகின்றன. ஒன்று விரைவுப் பாதை, மற்றொன்று மெதுவான பாதை. பெரும்பாலான நேரம் இதனால் தொல்லை இல்லை. ஆனால் தவறான நொடியில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால், அது மெதுவான பாதையில் இறங்கி, விரைவுப் பாதையில் ஏறி, மீண்டும் இறங்கி, விளையாட்டு விழாவில் திடலைச் சுற்றி ஓடுவது போலச் சுற்றத் தொடங்கிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் இதயம் ஒருமுறை துடிக்கும். நிமிடத்திற்கு 150 முதல் 250 வரைகூடப் போகலாம். 200 துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்குக் கிடைப்பது ஒரு வினாடியில் பத்தில் மூன்று பங்கு நேரம்தான். அதற்குள் இதயம் நன்றாக நிரம்ப முடியாது. ஆகவே தலை சுற்றுகிறது, மூச்சு வாங்குகிறது, கை கால் சோர்கிறது. இந்த வகை ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதி. வேறு சிலருக்கு மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தனியாக ஓர் இழை அமைந்திருக்கும். 1930-இல் உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் ஆகிய மூவர் விவரித்தது இதுவே.

பயத்தையும் நோயையும் பிரித்தறிதல்

பயத்தாலோ ஓட்டத்தாலோ வரும் படபடப்பு படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும். இந்நோய் விளக்கின் சுவிட்சைப் போட்டாற்போல் ஒரு நொடியில் தொடங்கும், அதுபோலவே நிற்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும். நெஞ்சு 200 முறை அடிக்கும்போது யாருக்கும் பயம் வருவது இயல்பே. ஆனால் அந்தப் பயம் நோயின் விளைவு, காரணம் அன்று.

இந்தத் தவறைச் செய்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்நோய் உள்ள 107 பேரின் வரலாற்றை ஆராய்ந்தனர். அவர்களுள் 59 பேருக்கு முதல் மருத்துவப் பரிசோதனையில் நோய் கண்டறியப்படவில்லை. அந்த 59 பேரில் 32 பேரிடம், அது பீதி, பதற்றம் அல்லது மன அழுத்தம் என்று மருத்துவர்கள் கூறியிருந்தனர். படித்த மருத்துவருக்கே தடுமாற்றம் என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

எல்லாப் படபடப்பும் இந்நோய் என்று எண்ணிவிடவும் கூடாது. இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, காய்ச்சல், அளவுக்கு மீறிய காபி, தூக்கக் குறைவு ஆகியவையும் நெஞ்சைப் படபடக்கச் செய்யும். வளரும் பெண்களிடையே இரத்தசோகை மிகுதி என்பதை நாம் அறிவோம். எனவே இரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

படபடப்பு வந்தால் செய்யவேண்டியவை

முதலில் உட்காரவேண்டும் அல்லது படுக்கவேண்டும். தோழியர் சூழ்ந்து நின்று காற்றை மறைக்கக் கூடாது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணி, தொடங்கிய நேரத்துடன் குறித்துக்கொள்ள வேண்டும். மூச்சை அடக்கி முக்கும் முறை ஒன்று உண்டு. சாய்ந்து உட்கார்ந்து 15 வினாடி அழுத்தி ஊதி, உடனே மல்லாந்து படுக்க, மற்றொருவர் கால்களை 15 வினாடி உயர்த்திப் பிடிப்பது. 2015-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில் 428 பேர் பங்கேற்றனர். உட்கார்ந்தே ஊதியவர்களில் 100-க்கு 17 பேருக்குத்தான் துடிப்பு சீரானது. கால்களை உயர்த்தும் முறையிலோ 43 பேருக்குச் சீரானது. செலவில்லாத மருத்துவம்! ஆயினும் மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொண்ட பிறகே செய்யவேண்டும். கழுத்து நரம்பை நாமாக அழுத்தக் கூடாது.

மயக்கம், நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல் இருந்தாலோ, படபடப்பு நிற்காமல் நீடித்தாலோ, தாமதமின்றி 108-ஐ அழைக்கவேண்டும். மருத்துவமனையில் அடினோசின் என்னும் ஊசி போடுவார்கள். சில வினாடிகள் நெஞ்சே நின்றுவிட்டது போன்ற உணர்வு தோன்றி மறையும். அதை முன்பே சொல்லி வைத்தால் நோயாளி அஞ்சமாட்டார். ஆஸ்துமா உள்ளவர்கள் அதை ஊசிக்கு முன்பே தெரிவிக்கவேண்டும்.

மூன்று வழிகள்

நம் மாணவியை ஒசூர் மருத்துவர் பெங்களூரில் உள்ள இதய மின்னியல் நிபுணரிடம் அனுப்பினார். தந்தைக்குக் கன்னடம் தெரியுமாதலால் எல்லாவற்றையும் விளக்கமாகக் கேட்டுக்கொண்டார். நிபுணர் மூன்று வழிகளைச் சொன்னார்.

முதல் வழி, மருந்தின்றி மூச்சு முறையை மட்டும் கைக்கொண்டு வாழ்வது. எப்போதோ ஒருமுறை வந்து தானே அடங்குபவர்களுக்கு இது போதும். இரண்டாவது வழி, தினமும் மாத்திரை. படபடப்பு குறையும், ஆனால் வேர் அறாது. சிலருக்குச் சோர்வு உண்டாகும். ஒருவருக்கு ஏற்ற மாத்திரை மற்றொருவருக்கு ஆபத்தாகலாம் என்பதால், அடுத்தவர் மாத்திரையை வாங்கி விழுங்கவே கூடாது.

மூன்றாவது வழி, அப்லேஷன் என்னும் சிகிச்சை. 1968-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவமனையில், டாக்டர் வில் சீலி ஒரு மீனவரின் மார்பைத் திறந்து, கூடுதல் இழையை அறுத்து அவருடைய படபடப்பை நீக்கினார். 1982-இல் மார்பைத் திறக்காமல், இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யும் முறை வந்தது. இன்று தொடையிடுக்கின் சிரை வழியே குழாயைச் செலுத்தி, சுழலின் இருப்பிடத்தைக் கண்டு, ரேடியோ அலை வெப்பத்தால் அந்தச் சிறு புள்ளியை மட்டும் சுட்டுவிடுகிறார்கள். இரட்டைப் பாதை நோயில் 100-க்கு 95 பேருக்கு மேல் குணமடைகிறார்கள். மிகச் சிலருக்குத் திரும்பவும் வரலாம். ஏ.வி. கணுவின் அருகிலேயே சுடுவதால், 100-க்கு ஒருவருக்கும் குறைவாக அக்கணு பழுதுபட்டு, பேஸ்மேக்கர் பொருத்த நேரலாம். இதை மறைக்காமல் சொன்ன நிபுணரை நாங்கள் மதிக்கிறோம்.

வீட்டில் எழுந்த கேள்வி

திரும்பி வந்ததும் தாயார் தலைமைச் சகோதரியிடம் கண்ணீர் விட்டார். "சிஸ்டர், பொண்ணுக்கு இதயத்துல கோளாறுன்னு வெளியே தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டிக்க வருவாங்க? மாத்திரையோடயே இருந்துடட்டுமே" என்றார். அந்தத் தாயின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. நம் ஊர் நிலவரம் அவருக்குத் தெரியும். சகோதரி, "மறைத்து வைத்துக் கட்டிக்கொடுத்தால், பிள்ளைப்பேற்றின்போது படபடப்பு வந்தால் யாரிடம் சொல்வாள் அம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். உண்மையும் அதுவே. வேறு இதயக் குறை இல்லாத பெரும்பாலோருக்கு இந்நோயால் ஆயுள் குறைவதில்லை. மணம் புரியலாம், பிள்ளை பெறலாம். ஆனால் கருவுற்ற காலத்தில் படபடப்பு மிகுதியாகலாம். அப்போது மருந்து கொடுப்பதும் கடினம். எனவே அடிக்கடி தொல்லைப்படும் பெண்களுக்கு முன்கூட்டியே சிகிச்சை செய்துகொள்வது நல்லது என்பது மருத்துவர் கருத்து.

பிறகுதான் ஒருவருக்கும் தோன்றாத ஒன்றைத் தந்தை செய்தார். மகளைப் பார்த்து, "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்டார். அவள், "எனக்குப் பயமாத்தான் இருக்குப்பா. ஆனா எப்ப வரும்னு காத்துக்கிட்டே இருக்கிறதுதான் அதைவிடப் பயம்" என்றாள். நோயைச் சுமப்பவளின் சொல்லுக்கு எடை மிகுதி.

செலவும் இடமும்

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இரு மாநில மருத்துவமும் எட்டும் தூரத்தில் உள்ளது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பொம்மசந்திராவில், டாக்டர் தேவி ஷெட்டி 2000-இல் தொடங்கிய நாராயண இதயாலயா. பெங்களூர் நகரில் கர்நாடக அரசின் ஜெயதேவா இதய நோய் நிலையம். கிருஷ்ணகிரியிலிருந்து ஆம்பூர் வழியே சென்றால், ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. தொழிலாளர் குடும்பத்தினர் இ.எஸ்.ஐ. மருத்துவர் மூலம் பரிந்துரை பெறமுடியுமா என்று முதலில் விசாரிக்கவேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர், தாம் போகும் மருத்துவமனையில், குறிப்பாக எல்லைக்கு அப்பால், இந்தச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று முன்னதாகவே கேட்டறிய வேண்டும்.

இன்றைய நிலை

பொதுத்தேர்வு முடிந்ததும் அப்லேஷன் செய்துகொள்வது என்று குடும்பத்தார் முடிவு செய்துள்ளனர். அதுவரை மாத்திரை. அவள் பையில் அந்த இ.சி.ஜி.யின் நகலும் ஒரு சிறு குறிப்பேடும் உள்ளன. நாள், நேரம், நாடி எண்ணிக்கை, எத்தனை நிமிடம் என்று எழுதிவைக்கிறாள். கிணற்றிலோ குளத்திலோ தனியே இறங்குவதில்லை. அவள் வகுப்பில் ஐந்து மாணவியருக்கு நாடி எண்ணத் தெரியும். பாட்டி கட்டிய கயிறும் கையில் இருக்கிறது. அதை அவிழ்க்கச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அன்பும் ஒரு மருந்துதானே!

மாணவச் செல்வங்களே! உங்கள் உடம்பு சொல்வதை வெட்கமின்றிச் சொல்லுங்கள். ஒருவர் நம்பாவிட்டால் மற்றொருவரிடம் சொல்லுங்கள். பெற்றோர்களே! மகள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், "பயப்படாதே" என்பதற்கு முன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பாருங்கள். அதற்குக் கால் நிமிடம் போதும். ஆசிரியைகளாகிய நாங்கள் அந்தக் கால் நிமிடத்தைச் செலவிட மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம். இனி அவ்வாறு நேராது என்று இம்மலரின் வழியாக அந்த மாணவிக்கு வாக்களிக்கிறோம்.