ரைன் நதி கற்பிக்கும் பாடம்

பூகோள வகுப்பில் ஐரோப்பாவின் படத்தை விரிக்கும்போது, ரைன் நதி ஒரு நீலக் கோடாகவே நம் கண்ணில் படுகிறது. அது சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, ஏறத்தாழ 1,230 கிலோமீட்டர் ஓடி, நெதர்லாந்தில் வட கடலில் கலக்கிறது என்று படிக்கிறோம், தேர்விலும் எழுதிவிடுகிறோம். அந்த நீலக் கோட்டின் மீதே எட்டு நாட்கள் கப்பலில் செல்லும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. பாசல் நகரில் ஏறி, பிரான்சையும் ஜெர்மனியையும் தொட்டுக்கொண்டு, ஆம்ஸ்டர்டாமில் இறங்கினோம். அப்பயணத்தில் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் மாணவியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கப்பலும் வழிகாட்டியும்

ஆற்றுக் கப்பல், கடற்கப்பலைப் போல் உயர்ந்து நிற்பதன்று. பாலங்களின் அடியில் புகுந்து செல்ல வேண்டியிருப்பதால் அது தாழ்வாகவும் நீளமாகவும் இருக்கும். பாசலுக்கும் இஃபெட்ஸ்ஹைம் என்ற ஊருக்கும் இடையில் ஆறு பத்து அணைகளால் படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வோர் அணையிலும் ‘லாக்’ எனப்படும் நீர்த்தொட்டி உண்டு. கப்பல் உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடித் தண்ணீரை வடியவிடுகிறார்கள். கப்பல் மெல்லக் கீழே இறங்கியதும் முன்கதவு திறக்கிறது. பௌதிகப் பாடத்தைக் கண்ணால் கண்டது போலிருந்தது.

வழிகாட்டி அம்மையார் சொல்வது காதில் மாட்டிய சிறு கருவியில் கேட்கும். “வலப்புறம் பாருங்கள்” என்றால் வலப்புறம் பார்ப்போம். “இடப்புறம்” என்றால் இடப்புறம் திரும்புவோம். உணவும் உறக்கமும் நேரந்தவறாமல் நடந்தன. இத்தகைய பயணத்தில் வசதி மிகுதி. ஆனால் பிறர் காட்டுவதை மட்டும் பார்த்துத் திரும்பிவிடும் அபாயமும் உண்டு. கேள்வி கேட்கும் வேலை நம்முடையதே என்பதை விரைவில் உணர்ந்தோம்.

கோட்டைகள் ஏன்?

புனித ஹில்டகார்ட் 12-ஆம் நூற்றாண்டில் மடம் நிறுவிய ஊர் பிங்கன். அவர் 2012-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். பிங்கனிலிருந்து கோப்லென்ஸ் வரையுள்ள சுமார் 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கே ரைன் நதியின் அழகு மிக்க பகுதி. யுனெஸ்கோ இதை 2002-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். குன்றுதோறும் ஒரு கோட்டை. பயணிகள் அனைவரும் படம் எடுப்பதில் மூழ்கியிருந்தனர்.

இத்தனை கோட்டைகள் எதற்கு என்று வினவினோம். “பெரும்பாலும் சுங்கம் வாங்குவதற்கு” என்றார் வழிகாட்டி. கவுப் என்னுமிடத்தில் ஆற்றின் நடுவிலேயே, நங்கூரமிட்ட கப்பல் போல ஒரு கோட்டை நிற்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அது சுங்கச் சாவடியே! சில காத தூரத்துக்கு ஒரு பிரபு; ஒவ்வொரு பிரபுவுக்கும் ஒரு வரி. மேலே ஏற்றிய சரக்கு கீழே போய்ச் சேர்வதற்குள் அதன் விலை எவ்வளவு ஏறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று நாம் வியக்கும் அழகு, அன்றைய வணிகருக்குத் தொல்லையாக இருந்தது.

காணக் கிடைக்காத ஒன்று

அப்படியானால் எங்கள் கப்பல் மட்டும் தடையின்றி எவ்வாறு சென்றது? இதற்கு விடை, நாங்கள் ஏற்கெனவே கடந்து வந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இருக்கிறது. நெப்போலியன் போர்களுக்குப் பின் 1815-இல் கூடிய வியன்னா மாநாடு, ரைன் போக்குவரத்துக்கென ஓர் ஆணையத்தை அமைக்க முடிவு செய்தது. ஆற்றில் செல்வதற்காக மட்டும் எந்த நாடும் வரி கேட்கக் கூடாது என்பதை 1868-ஆம் ஆண்டின் மான்ஹைம் உடன்படிக்கை உறுதி செய்தது. 1920 முதல் அந்த ஆணையம் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து இயங்குகிறது.

அந்த நகரத்தின் கதையோ துயரமானது. 1871-இல் ஜெர்மனிக்கு, 1918-இல் பிரான்சுக்கு, 1940-இல் மீண்டும் ஜெர்மனிக்கு, 1944-இல் திரும்பவும் பிரான்சுக்கு எனக் கை மாறியது. வீட்டு வாசலைத் தாண்டாத பாட்டி ஒருத்தி, தன் ஆயுளில் நான்கு முறை நாடு மாறியிருப்பாள்! இத்தனை பகைக்கும் நடுவில் அந்த உடன்படிக்கை பிழைத்திருப்பது பெரிய செய்தியன்றோ?

கொலோன் நகரப் பேராலயத்தை 1248-இல் தொடங்கி 1880-இல் கட்டி முடித்தார்கள். 632 ஆண்டுகள்! அதன் அருகிலுள்ள பெரிய பாலம் 1945-இல் ஒரே நாளில் தகர்க்கப்பட்டது. ஆக்குவதற்குத் தலைமுறைகள் வேண்டும்; அழிப்பதற்கு ஒரு நாள் போதும்.

ஆறு மீண்ட கதை

நதிக்கும் அத்தகைய ஒரு நாள் வந்தது. 1986 நவம்பர் 1 அன்று பாசல் அருகே இரசாயனக் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. தீயணைத்த நீரோடு நஞ்சும் ஆற்றில் கலந்தது. தண்ணீர் சிவந்தது, விலாங்கு மீன்கள் திரள்திரளாக மடிந்தன. மேலே ஒரு நாட்டில் நேர்ந்த தவறு, கீழேயுள்ள நாடுகளின் குடிநீரைத் தொட்டது. அதன் பின்னரே கரையோர நாடுகள் விழித்தெழுந்து, 1987-இல் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தில் ஒன்றுபட்டன. முற்றிலும் மறைந்துபோயிருந்த சால்மன் மீன்கள் 1990-களில் திரும்பி வரத் தொடங்கின. வேலை இன்னும் முடியவில்லை. அணைகளைத் தாண்டி அவை பாசல் வரை ஏறுவது இன்றும் கடினமே.

அன்பு மாணவியரே! கோட்டையைப் படம் பிடிக்கலாம். உடன்படிக்கையைப் படம் பிடிக்க முடியாது. ஆயினும் அந்த ஆற்றில் கப்பல் ஓடுவதும், மீன் வாழ்வதும், மக்கள் நீர் அருந்துவதும் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றுமையால்தான். நாளை நீங்களும் பல நாடுகள் செல்வீர்கள். வழிகாட்டி காட்டுவதை நன்றாகப் பாருங்கள். பிறகு, “இது ஏன் இங்கே இருக்கிறது? இதனால் வாழ்ந்தவர் யார், வருந்தியவர் யார்?” என்று தவறாமல் கேளுங்கள். கேட்கத் தெரிந்தவருக்கே பயணம் பாடமாகும்.