ஸ்ப்ரெட், மணிலைன், பார்லே: என்எஃப்எல் பந்தய விலைகள் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-லில் ஓர் ஆட்டத்தின் மீது கட்டப்படும் பந்தயங்களில் அடிப்படையானவை மூன்று. எந்த அணி ஜெயிக்கும் என்று மட்டும் கட்டுவது மணிலைன். எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதையும் கணக்கில் சேர்ப்பது ஸ்ப்ரெட். இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் புள்ளிகள் பந்தய நிறுவனம் குறித்த எண்ணுக்கு மேலே போகுமா, கீழே நிற்குமா என்று கட்டுவது டோட்டல். 1992-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, ஒற்றை ஆட்டப் பந்தயத்தை நெவாடா மாநிலத்துக்குள் ஏறக்குறைய அடைத்து வைத்திருந்தது. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதன்பின் மாநிலம் மாநிலமாகப் பந்தயம் கைபேசிக்குள் வந்துவிட்டது. கூடவே சில தவறான நம்பிக்கைகளும் பரவின.

“விலையைப் பார்த்தாலே வெற்றி வாய்ப்பு தெரிந்துவிடும்”

பாதி உண்மை. அமெரிக்க முறையில் 100 டாலரை வைத்தே விலை சொல்லப்படும். மைனஸ் 150 என்றால் 100 டாலர் லாபம் பார்க்க 150 டாலர் கட்ட வேண்டும். அந்த அணிதான் ஜெயிக்கும் என்று சந்தை நினைக்கிறது. பிளஸ் 130 என்றால் 100 டாலர் கட்டினால் 130 டாலர் லாபம். அது எதிரணியின் விலை. இவற்றை விழுக்காடாக மாற்றினால் முதல் அணிக்கு 60, இரண்டாவதற்கு 43.5. கூட்டினால் 103.5 வருகிறது. நூறுக்கு மேல் நிற்கும் அந்த மூன்றரைதான் நிறுவனத்தின் கமிஷன். அதைக் கழிக்காமல் விலையையே வாய்ப்பு என்று எடுத்துக்கொண்டால், இரு அணிகளின் வாய்ப்பும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

“பாதிக்கு மேல் ஜெயித்தால் லாபம்தான்”

ஸ்ப்ரெட், டோட்டல் இரண்டிலும் வழக்கமான விலை இரு பக்கமும் மைனஸ் 110. நூறு பந்தயத்தில் 52 ஜெயித்தவர் தன்னைக் கெட்டிக்காரர் என்றே நினைப்பார். கணக்கு வேறு சொல்கிறது. ஒவ்வொன்றிலும் 110 டாலர் கட்டியிருந்தால், 52 வெற்றிக்கு 5,200 டாலர் வரவு, 48 தோல்விக்கு 5,280 டாலர் செலவு. கையை விட்டுப் போனது 80 டாலர். ஒன்று கூடுதலாக, 53 ஜெயித்திருந்தால் 130 டாலர் மிச்சம். வரவும் செலவும் சமமாகும் இடம் 52.38 விழுக்காடு. பார்க்கச் சின்ன இடைவெளி. ஆனால் பந்தயம் கட்டுவோரில் பெரும்பாலோரை ஆண்டு முழுவதும் நஷ்டத்தில் வைத்திருப்பது இதுதான்.

“ஸ்ப்ரெட்டில் அரைப் புள்ளி இப்படி அப்படி இருந்தால் என்ன?”

மிக அதிகப் பணத்தைக் கரைக்கும் நம்பிக்கை இதுவாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறுவதில்லை. ஃபீல்டு கோலுக்கு 3. டச் டவுனுக்கு 6, அதைத் தொடர்ந்து வரும் உதைக்கு 1. ஆகவே முடிவுகள் சில எண்களைச் சுற்றியே குவிகின்றன. ஏறத்தாழ ஏழு ஆட்டங்களுக்கு ஒன்று சரியாக 3 புள்ளி வித்தியாசத்தில் முடிகிறது. அடுத்த இடம் 7-க்கு. ஸ்ப்ரெட் 4.5-லிருந்து 5.5-க்குப் போவதும் ஒரு புள்ளிதான், 2.5-லிருந்து 3.5-க்குப் போவதும் ஒரு புள்ளிதான். முன்னது பெரும்பாலும் பொருட்டில்லை. பின்னதில் பந்தயத்தின் தன்மையே மாறிவிடுகிறது.

1979 ஜனவரியில் நடந்த 13-வது சூப்பர் பவுலில் பந்தய நிறுவனங்களுக்கே இந்த அடி விழுந்தது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 3.5 புள்ளியில் ஜெயிக்க வேண்டும் என்று தொடங்கிய ஸ்ப்ரெட், பணம் குவியக் குவிய 4.5 வரை ஏறியது. ஆட்டம் 35-31 என்று முடிந்தது, வித்தியாசம் 4. முதலில் ஸ்டீலர்ஸ் மீது கட்டியவர்களும் ஜெயித்தார்கள்; பின்னால் டல்லாஸ் கௌபாய்ஸ் மீது கட்டியவர்களும் ஜெயித்தார்கள். எண் சரியாக 4-ல் நின்றபோது கட்டியவர்களுக்குப் பணம் திரும்பியது. லாஸ் வேகாஸில் அந்த நாளுக்குக் கருப்பு ஞாயிறு என்று பெயர்.

“ஜெயித்த அணியின் மீது கட்டியவர் ஜெயித்தவர்”

மணிலைனில் மட்டும். 2018 ஜனவரி 14 அன்று மினியாபொலிஸில் மினசோட்டா வைக்கிங்ஸ் 23-24 என்று பின்தங்கியிருந்தது. மிச்சம் பத்து விநாடி. கேஸ் கீனம் எறிந்த பந்தைப் பிடித்த ஸ்டெஃபான் டிக்ஸ், மொத்தம் 61 கஜம் கடந்த அந்த நகர்வை டச் டவுனில் முடித்தபோது கடிகாரம் நின்றுவிட்டது. 29-24, அரங்கமே கொண்டாடியது. ஆனால் பலர் கட்டியிருந்த ஸ்ப்ரெட் 5.5. அன்றைய விதிப்படி கூடுதல் புள்ளிக்கான முயற்சி இன்னும் பாக்கி. உதைத்துப் போட்டிருந்தால் வித்தியாசம் 6 ஆகி வைக்கிங்ஸ் பக்கம் கட்டியவர்கள் ஜெயித்திருப்பார்கள். அணியோ பந்தை வாங்கி மண்டியிட்டு ஆட்டத்தை முடித்துக்கொண்டது. அரை இறுதிக்கு முந்தைய சுற்றைத் தாண்டிய அணிக்கு அந்த ஒரு புள்ளி தேவையே இல்லை. களத்தில் இருப்பவர்கள் ஸ்ப்ரெட்டுக்காக ஆடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதே ஆண்டில் விதி மாற்றப்பட்டு அந்தத் தேவையற்ற முயற்சி நீக்கப்பட்டது.

கூடுதல் நேரத்தில் எடுக்கும் புள்ளிகள் சேராது என்று எண்ணுவோரும் உண்டு. முழு ஆட்டப் பந்தயங்களில் அவை சேரும். 2017 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ், அட்லாண்டா ஃபால்கன்ஸ் மோதிய சூப்பர் பவுல் 28-28 என்று சமனாகி, பேட்ரியட்ஸின் டச் டவுனுடன் 34-28 என்று முடிந்தது. அந்த அணி 3 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று ஸ்ப்ரெட்டில் கட்டியவர்களின் பணம் வந்தது கூடுதல் நேரத்தில்தான்.

“நிறுவனம் இரு பக்கமும் பணத்தைச் சமமாக்கிவிட்டுக் கமிஷனோடு ஒதுங்கிக்கொள்ளும்”

பாடப்புத்தக விளக்கம் இதுதான். நடைமுறை இவ்வளவு எளிதல்ல. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், என்எஃப்எல் பந்தயங்களில் பணம் பல ஆட்டங்களில் ஒரே பக்கம் சாய்ந்திருந்ததைக் காட்டினார். மக்கள் பலமான அணியை அளவுக்கு மீறி விரும்புகிறார்கள். நிறுவனம் அதை அறிந்து எண்ணைச் சற்றே சாய்த்து வைத்து, எதிர்ப் பக்கத்தைத் தானே ஏற்கிறது. எண் நகர்ந்தால் யாருக்கோ ரகசியம் தெரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வீரருக்குக் காயம், காற்று, விவரமறிந்த சிலரின் பெரிய தொகை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

“பார்லேயில் சிறு தொகைக்குப் பெரிய பணம்”

பல பந்தயங்களை ஒரே சீட்டில் கோப்பதுதான் பார்லே. ஒன்று தோற்றாலும் முழுச் சீட்டும் போச்சு. தொகை பெருகுவது உண்மை. கமிஷனும் அதோடு பெருகுவது யார் கண்ணிலும் படுவதில்லை. இரு பக்கமும் சம வாய்ப்புள்ள பந்தயங்களை மைனஸ் 110 விலையில் கட்டினால், தனிப் பந்தயத்தில் நிறுவனத்தின் சராசரிப் பங்கு 4.5 விழுக்காடு. இரண்டைக் கோத்தால் ஏறத்தாழ 9, மூன்றில் 13, நான்கில் 17, ஐந்தில் 20-ஐத் தாண்டும். நான்கையும் சரியாகச் சொல்ல 16-ல் ஒரு வாய்ப்பு. நியாயமாக ஒன்றுக்குப் பதினைந்து கொடுக்க வேண்டும். கிடைப்பது பன்னிரண்டு சொச்சம். விளம்பரங்களில் பார்லே முன்னால் நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டீசர் பார்லேயின் இன்னொரு வடிவம். ஒவ்வொரு ஸ்ப்ரெட்டையும் வழக்கமாக 6 புள்ளி கட்டுபவர் பக்கம் நகர்த்திக் கொடுத்து, பரிசைக் குறைப்பார்கள். அந்த ஆறு புள்ளிகள் 3, 7 ஆகிய இரண்டு எண்களையும் தாண்டினால்தான் அதற்குப் பெறுமதி உண்டு.

எந்த அணி கோப்பை வெல்லும் என்று பருவத்துக்கு முன்பே கட்டும் ஃபியூச்சர்ஸில் கமிஷன் 32 அணிகளின் விலைகளிலும் பரவிக் கிடக்கிறது. அத்தனை விலைகளையும் விழுக்காடாக்கிக் கூட்டினால் தொகை நூறை நன்றாகவே தாண்டும். கட்டிய பணமும் பிப்ரவரி வரை நிறுவனத்திடமே இருக்கும்.