சூரியனை முதுகில் வாங்குங்கள்: தை, மாசிப் பறவைப் படங்களுக்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகளில் தண்ணீர் நிற்கும் இந்த நாட்களில்தான் நம் பக்கம் பறவைக்குப் பஞ்சமில்லை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடக்கேயிருந்து வந்திருக்கும். நத்தைகுத்தி நாரை சேற்று வயலில் நிற்கும், தகைவிலான் கரண்டுக் கம்பியில் வரிசை கட்டும். விருத்தாசலத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் சேத்தியாத்தோப்பு. வீராணம் ஏரியின் வடகோடி அதுதான். போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வந்து சொல்லும் குறையும் ஒன்றுதான்: "ஜூம் போட்டால் படம் மங்கிப் போகிறது."

பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதன் காரணத்தை விளக்குவது சுலபம். எரியும் சூளைக்கு மேலாகப் பார்த்தால் பின்னாலிருக்கும் சுவர் நெளியும். வெயில் ஏறிய பிறகு வயலுக்கும் கரைமண்ணுக்கும் தார்ச்சாலைக்கும் மேலே நடப்பதும் அதேதான். வெறுங்கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஜூம் பறவையைப் பெரிதாக்கும்போது நடுவிலிருக்கும் காற்றின் நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கிவிடுகிறது. எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது. போன தையில் பகல் பதினொரு மணிக்கு ஒரு நாரையை நூறு படம் எடுத்தேன், ஒன்றில்கூடக் கண் தெளிவாக விழவில்லை. லென்ஸைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே லென்ஸில் இறகை எண்ணலாம் போலிருந்தது.

ஆகவே, விடியும்போதே கரையில் இருங்கள். ஒன்பது மணிக்கு மூட்டை கட்டுங்கள். நம் நிலம் கடலைப் பார்த்துக் கிழக்கே சரிகிறது. அதனால் வீராணம் போன்ற ஏரிகளுக்குக் கரை கிழக்கில்தான் இருக்கும். காலையில் அந்தக் கரையில் நின்றால் சூரியன் உங்கள் முதுகில், வெளிச்சம் பறவையின் முகத்தில். பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் ஏரி வெட்டியவர்கள் நமக்காகவே கரை போட்டதுபோல இருக்கும்! மாலையில் போனால் எல்லாம் தலைகீழ்: பறவை கறுப்பு நிழலாகத்தான் கிடைக்கும். பனி மூடியிருந்தால் படம் எடுக்காதீர்கள். டீக்கடையில் உட்கார்ந்து, விலகும்வரை பொறுங்கள்.

அடுத்தது தூரம். முழு ஃப்ரேம் கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டால், 100 மீட்டர் தள்ளி ஒன்பது மீட்டர் அகலத்துக்குக் காட்சி விழும். ஒரு மீட்டர் உயர நாரை அதில் எவ்வளவு இருக்கும் என்று பாருங்கள். 25 மீட்டரில் அந்த அகலம் இரண்டேகால் மீட்டர்தான். ஜூமைக் கூட்டுவதைவிடப் பறவை உங்களிடம் வரும்படி உட்கார்ந்திருப்பதே மேல். நேராக நடந்து போகாதீர்கள். வண்டியை அணைத்துவிட்டு அதன் மறைவிலேயே இருங்கள், மேயும் பறவை தலை தூக்கினால் அசையாமல் நில்லுங்கள். கருவியைவிடப் பொறுமைதான் பெரிது: காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர்போன மா. கிருஷ்ணன் (1912–1996) பல பாகங்களைத் தானே சேர்த்து அமைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்திருந்தார். தானாக ஃபோகஸ் செய்யும் வசதியெல்லாம் அவருக்கு ஏது? எவ்வளவு பொறுமை இருந்தாலும், கூடு கட்டியிருக்கும் மரத்தின் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

காருக்குள்ளிருந்து எடுப்பவர்கள் இன்ஜினையும் ஏசியையும் நிறுத்துங்கள். சன்னலில் குளிர்காற்றும் வெளிக்காற்றும் கலந்தால் அங்கேயும் சூளைதான். ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ பயறு நிரப்பிச் சன்னல் விளிம்பில் போட்டு, லென்ஸை அதன்மேல் வையுங்கள். உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி, பறப்பதற்கு 1/2000 அல்லது அதற்கும் மேல். அதற்காக ஐ.எஸ்.ஓ. ஏறினால் ஏறட்டும்; புள்ளி விழுந்த படத்தைத் தேற்றலாம், அசைந்த படத்தைத் தேற்ற முடியாது. ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும். வெள்ளைக் கொக்கு வெளுத்துப் போனால் வெளிச்ச அளவை அரைப்படி குறையுங்கள். செல்போன் வைத்திருப்பவர்கள் திரையை விரலால் இழுத்து ஜூம் செய்ய வேண்டாம். லென்ஸின் சொந்த ஜூம் எதுவரை போகுமோ அதுவரை எடுத்து, வீட்டில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கை. பீங்கான் பட்டறைப் பக்கம் புழங்கும் கேமராவில் களிமண் தூளோடு படிகக்கல் தூளும் படியும். அதைச் சட்டை முனையால் துடைத்தால் லென்ஸின் மேற்பூச்சில் கீறல் விழும். முதலில் காற்றுக் குமிழால் ஊதுங்கள், பிறகு மெல்லிய துணி. ஏசி அறையில் தூங்கிய கேமராவைப் பையோடு வெளியே அரைமணி வைத்த பிறகே திறங்கள், இல்லாவிட்டால் கண்ணாடி வியர்க்கும்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் சேரலாம், பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பதிந்தால் போதும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் எந்தப் பறவை என்று உறுதிசெய்ய அது உதவும். பங்குனி பிறப்பதற்குள் போய்வந்துவிடுங்கள். அதன்பிறகு வாத்துகள் வடக்கே திரும்பத் தொடங்கிவிடும்.