வரிசையாக விழுந்த குழிகள்

ரைன் ஆற்றங்கரையில் நின்று தட்டையான கல் எறிந்து பார்த்திருக்கிறீர்களா? சரியாக எறிந்தால் கல் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் துள்ளிப் போகும். தொட்ட இடமெல்லாம் ஒரு வட்டம் விரியும். வட்டங்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும்.

வியாழன் கோளுக்குக் கனிமீட் என்று ஒரு பெரிய நிலா உண்டு. அதன் தரையில் ஓரிடத்தில் 13 குழிகள் இப்படித்தான் ஒரே கோட்டில் இருக்கின்றன. அந்த வரிசையின் நீளம் ஏறத்தாழ 160 கிலோமீற்றர். கலிஸ்டோ என்ற இன்னொரு நிலாவிலும் இப்படிப் பல வரிசைகள் உண்டு.

"அப்ப அங்கையும் ஒரு பெரிய கல்லு துள்ளித் துள்ளிப் போயிருக்குமோ?"

நல்ல கேள்வி. ஆனால் விண்வெளியிலிருந்து வரும் கல் துள்ளாது. அது ஒரு செக்கனில் 20 கிலோமீற்றர் அளவு தூரம் பறந்து வரும். அந்த வேகத்தில் டுசல்டோர்ஃபிலிருந்து கேல்ன் நகருக்கு இரண்டு செக்கனுக்குள் போய்விடலாம்! அவ்வளவு வேகமாகத் தரையில் மோதும் கல், மோதிய இடத்திலேயே வெடித்துச் சிதறிவிடும். பிறகு துள்ளுவதற்கு அங்கே கல் இருக்காது.

அப்படியானால் வரிசை எப்படி வந்தது? 1979இல் வொயேஜர் விண்கலம் கலிஸ்டோவைப் படம் எடுத்தது. படங்களைப் பார்த்தவர்களுக்கு இது பெரிய புதிராக இருந்தது. சேற்றில் ஓங்கி மிதித்தால் சேறு நாலு பக்கமும் தெறிக்கும், இல்லையா? அதுபோல, ஒரு பெரிய குழி உண்டாகும்போது தெறிக்கும் கற்கள் வரிசையாக விழுந்து சிறு குழிகளை உண்டாக்கும். எங்கள் சந்திரனில் இப்படிப் பல வரிசைகள் உண்டு. ஆனால் கலிஸ்டோவின் வரிசைகளுக்குப் பொருத்தமான பெரிய குழி அகப்படவில்லை.

விடை 1993இல் வானத்திலேயே தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் கரோலின் ஷூமேக்கர், அவருடைய கணவர் யூஜின் ஷூமேக்கர், டேவிட் லெவி ஆகிய மூவரும் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார்கள். அது ஒரு துண்டாக இருக்கவில்லை. ஏறத்தாழ இருபது துண்டுகள், கோத்த முத்துகள் போல ஒரே வரிசையில் போய்க்கொண்டிருந்தன.

உங்கள் வீட்டில் பிட்டு அவிப்பார்களா? குழலிலிருந்து தள்ளியதும் பிட்டு ஒரு துண்டாக நிற்கும். விரல் பட்டால் உதிரும். வால்வெள்ளியும் அப்படித்தான். பனிக்கட்டியும் தூசியும் கல்லும் இறுக்கமில்லாமல் சேர்ந்த உருண்டை அது. 1992இல் அது வியாழனுக்கு மிகக் கிட்டப் போனது. கிட்ட இருந்த பக்கத்தை வியாழன் கூடுதலாக இழுத்தது. எட்ட இருந்த பக்கத்தைக் குறைவாக இழுத்தது. பிட்டு உதிர்ந்துவிட்டது! உதிர்ந்த துண்டுகள் ஒரே பாதையில், ஒன்றின் பின் ஒன்றாகப் போயின. இப்படி உதிர்ந்த துண்டுகளின் பாதையில் உடனே ஒரு நிலா வந்து நின்றால் என்ன நடக்கும்? டம், டம், டம் என்று அடுத்தடுத்து விழும். குழிவரிசை தயார்.

இந்த வால்வெள்ளியின் துண்டுகள் 1994 யூலையில் வியாழன் மீதே விழுந்தன. அதற்குள் துண்டுகளுக்கு இடையே தூரம் கூடிவிட்டதால், எல்லாம் விழுந்து முடிய ஆறு நாள் எடுத்தது. வியாழனுக்குக் கெட்டியான தரை இல்லை, வாயுதான். அதனால் குழி விழவில்லை. கரிய தழும்புகள் மட்டும் சில மாதங்கள் தெரிந்தன.

இந்த யூஜின் ஷூமேக்கர் முன்பே யேர்மனிக்கு வந்தவர். பவாரியாவில் நேர்ட்லிங்கன் என்ற ஊர் 24 கிலோமீற்றர் அகலமான ஒரு குழிக்குள்ளே இருக்கிறது. டுசல்டோர்ஃப் நகரின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கும் கிட்டத்தட்ட இவ்வளவு தூரம்தான். அது பழைய எரிமலை என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1960இல் ஷூமேக்கர் அங்கே எடுத்த கற்களில், மிகப் பெரிய அமுக்கத்தில் மட்டுமே உண்டாகும் ஒரு கனிமம் இருந்தது. எரிமலை வெடிப்பில் அவ்வளவு அமுக்கம் வராது. ஆகவே விண்கல்தான்! ஏறத்தாழ 1 கோடியே 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்தது. அந்த ஊர்த் தேவாலயமும் அந்த மோதலில் உண்டான கல்லால்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் ஸ்டைன்ஹைம் என்ற ஊரில் இன்னொரு சிறிய குழி உண்டு. இரண்டும் ஒரே நாளில் உண்டானவை என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வு, "இல்லை, சிறிய குழி பல இலட்சம் ஆண்டு பிந்தியது" என்கிறது. யோசித்துப் பாருங்கள்: எந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு கோட்டால் இணைக்கலாம். பதின்மூன்று புள்ளிகள் தற்செயலாக ஒரே கோட்டில் வருமா?

செய்து பாருங்கள்

ஒரு பெரிய தட்டில் கோதுமை மாவைப் பரப்பி, மேலே கொக்கோத் தூளைத் தூவுங்கள். (முதலில் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேளுங்கள். கீழே பழைய கடதாசி விரியுங்கள்!) ஐந்து போளைகளை ஒரே இடத்துக்கு மேலே பிடித்து, ஒவ்வொன்றாக விடுங்கள். அப்போது தம்பியோ தங்கையோ தட்டை ஒரு பக்கமாக மெதுவாக இழுக்கட்டும். குழிகள் எப்படி அமைந்தன? இனித் தட்டை இழுக்காமல் சுற்றச் சொல்லுங்கள். இப்போதும் வரிசை நேராக வருகிறதா? பார்த்ததைப் படமாக வரைந்து, வகுப்பில் தமிழில் சொல்லுங்கள்.