சிப்புக்குள் அழுத்தம்: ஒளி சொல்லும் சேதி



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களிலிருந்து இன்று பலர் கம்பெனி பஸ் ஏறி சிரம்பான், செனாவாங் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அங்கே சிப் தயாரிக்கும் ஆலைகளும் உண்டு. அந்த சிப்பைப் பற்றி இன்று ஒரு பாடம் படிப்போம்.

சிலிக்கன் சிப்பைச் செம்புத் தகட்டில் சூடாக்கி ஒட்டுகிறார்கள். ஆறும்போது இரண்டும் சுருங்கும். ஆனால் ஒரே அளவில் இல்லை. ஒரு டிகிரிக்குச் சிலிக்கன் பத்து லட்சத்தில் 2.6 பங்கு சுருங்கினால், செம்பு சுமார் 17 பங்கு சுருங்கும். நடுவில் மாட்டிய சிப் என்ன ஆகும்? நசுங்கும், வளையும், சில சமயம் வெடிப்பும் விடும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த அழுத்தத்தை உடைக்காமல் அளப்பது எப்படி? வழி காட்டியவர் திருச்சியில் பிறந்த நம் சர் சி.வி. இராமன். 1928 பிப்ரவரி 28இல் அவர் கண்டறிந்த இராமன் விளைவுக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. பொருளின் மீது பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு, அணுக்களின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, நிறம் மாறித் திரும்பும். சிலிக்கனில் அந்த மாற்றம் ஒரு சென்டிமீட்டருக்கு 520 அலைகள் என்ற கணக்கில் இருக்கும். சிப் நசுங்கினால் இந்த எண் கூடும், இழுபட்டால் குறையும். வீணைக் கம்பியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கம்பியை இழுத்தால் சுருதி ஏறும், இங்கே இறங்கும்! ஏனென்றால் அணுக்கள் விலகும்போது அவற்றின் பிணைப்பு தளர்கிறது.

அழுத்தம் எப்போதும் எதிரியும் அல்ல. எலெக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளிதான் லேசர் ஒளியின் நிறத்தை முடிவு செய்கிறது. காலியம் ஆர்சனைடில் அது 1.42 எலெக்ட்ரான் வோல்ட். எல்லாப் பக்கமும் அழுத்தினால் அது விரியும், ஒளியின் அலைநீளம் குறையும். லேசரின் மெல்லிய படலத்தை வேண்டுமென்றே இறுக்கி வைத்தால் குறைந்த மின்சாரத்தில் அது எரியும் என்று 1986இல் இங்கிலாந்தின் ஆல்ஃப் ஆடம்ஸ் எடுத்துச் சொன்னார். இன்று அந்த முறை பரவலாகப் பயன்படுகிறது.

இப்போது ஒரு கணக்கு. 520 என்பது 521 ஆனால் சிப்புக்கு என்ன நேர்ந்தது? நசுங்கியிருக்கிறது, ஏறத்தாழ 500 மெகாபாஸ்கல். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் மேல் சுமார் 50 கிலோ!

மெஷின் பட்டனை அழுத்த ஒரு வாரப் பயிற்சி போதும். சிப் ஏன் வெடித்தது என்று சொல்ல இயற்பியல் வேண்டும். சம்பளமும் அங்கேதான் மாறுகிறது. எஸ்.பி.எம்.மில் இயற்பியலைப் பயந்து விட்டுவிடாதீர்கள்.