தஞ்சாவூரில் போர் விமானம் எதற்கு?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விராலிமலையிலிருந்து மாமா எழுதுவது. பக்கத்தில் எந்த நாட்டு எல்லையும் இல்லையே, தஞ்சாவூரில் எதற்குப் போர் விமானத் தளம் என்று கேட்டிருந்தாய். எல்லை இருக்கிறது. கிழக்கே விரிந்து கிடக்கும் வங்காள விரிகுடாதான் அது.

1942-ல் அந்தக் கடல் வழியாகப் போர் வந்தது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மார்ச்சில் அந்தமானும் போயிற்று. ஏப்ரல் 5 அன்று ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின. 9-ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக் கடலில் பிரிட்டனின் 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள்.

தஞ்சாவூர், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு என்று தமிழ்நாட்டில் பல இடங்களில் ஓடுபாதைகள் போடப்பட்டதெல்லாம் அந்தப் போர்க்காலத்தில்தான். பிரிட்டிஷ் விமானப்படையின் 36-ஆம் படைப்பிரிவின் கதை இதை நன்றாக விளக்கும். மலாயாவிலும் ஜாவாவிலும் ஜப்பானியரோடு மோதி அழிந்துபோன பிரிவு அது. 1942 அக்டோபரில் தஞ்சாவூரில்தான் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். கையில் கிடைத்தவை வெலிங்டன் விமானங்கள்; வேலை, கிழக்குக் கரையோரம் பறந்து நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவது.

போர் முடிந்தது. செட்டிநாடு, கயத்தாறு ஓடுபாதைகள் வெறுமனே கிடந்தன. தஞ்சாவூரும் பல பத்தாண்டுகள் பெரிதாகப் பேசப்படவில்லை.

2013 மே 27 அன்று அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி அதைப் போர் விமானத் தளமாகத் திறந்துவைத்தார். 2020 ஜனவரி 20 அன்று 'டைகர் ஷார்க்ஸ்' எனப்படும் 222-ஆம் படைப்பிரிவு சுகோய்-30 விமானங்களோடு அங்கே குடியேறியது. தென்னிந்தியாவின் முதல் சுகோய் பிரிவு அதுதான். அந்த விமானத்தின் வயிற்றுக்கடியில் சுமார் இரண்டரை டன் எடையுள்ள ஒரே ஒரு பிரமோஸ் ஏவுகணையைத் தொங்கவிடலாம். ஒலியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் பாய்ந்து கப்பலை அடிக்கும். நடுவானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ள முடிவதால் சுகோய் நெடுந்தூரம் கடலுக்குள் போய்வரும். ஆக, 1942-ல் இருந்த அதே வேலைதான்: கடலைக் காப்பது. கருவிகள்தான் மாறியிருக்கின்றன.

ஜப்பான் இன்று நமக்குப் பகை நாடு இல்லை. 2023 ஜனவரியில் நான்கு இந்திய சுகோய்கள் டோக்கியோவுக்கு வடகிழக்கே உள்ள ஹியாகுரி தளத்தில் இறங்கி, ஜப்பானிய விமானங்களோடு சேர்ந்து பயிற்சி செய்தன. அவை வேறொரு படைப்பிரிவைச் சேர்ந்தவை. ஹியாகுரியும் உலகப் போருக்கு முன் ஜப்பானியக் கடற்படை அமைத்த தளம்தான். 2010 முதல் அங்கே பயணிகள் விமானங்களும் வந்துபோகின்றன. தஞ்சை மக்கள் நெடுநாளாகக் கேட்பதும் அதைத்தான். ராணுவத் தளத்திலேயே பயணிகளுக்கும் ஒரு வாசல் திறந்தால் டெல்டா மாவட்டங்களுக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.

அன்புடன்,
மாமா